தாய்மாமன் சீராக வந்த ஜன்னல் கண்ணாடி

ஆரோக்கிய மாதா துணை

முத்துப்பேட்டை ரோடு,
பட்டுக்கோட்டை,
ஆகஸ்ட் கடைசி வாரம்.

பாசத்துக்குரிய மாப்பிள்ளை அருள்பிரகாஷ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் சவரியம்மாளின் வீட்டுக்காரனும் பிரின்ஸியின் தகப்பனுமாகிய தேங்காய் மண்டி மிக்கேல்ராஜ் எழுதிக்கொண்டது. மஸ்கட்டில் நீங்களும் தங்கை சான்ட்ராவும் பிள்ளைகளும் மாதாவின் தயவால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். அதை வாயால் சொல்ல முடியாதபடி வீட்டில் பேச்சுக்குத் தடை போட்டிருப்பதால் எழுத்தில் தெரிவித்துக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். காரணம், இந்த நிமிஷம் பிரின்ஸி உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய கடைசி மாதிரிப் பதிவைச் செய்துகொண்டிருக்கிறாள். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று, வெளியே யானை பிளிறினாலும் உள்ளே கேட்காது என்று அவளே சொல்லிவிட்டாள். உங்கள் அக்காள்தான் நம்பவில்லை. காலையிலிருந்து டிவிக்கும் மிக்ஸிக்கும் ஓய்வு. குக்கர் விசில் அடித்துவிடும் என்று சோற்றைப் பானையில் வடித்தாள். எனக்கு இருமல் வந்தால் கொல்லைக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்று கை காட்டினேன், ஊறுகாய் வந்தது. ஊறுகாய் போதும் என்று கை காட்டினேன், இன்னொரு கரண்டி சோறு வந்தது. உங்களோடு இரண்டு வார்த்தை பேசலாம் என்று போனை எடுத்தேன், அதைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டாள். ஆகையால் மண்டியின் லெட்டர் பேடை எடுத்து ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்வீட்டு ஜெனித் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். முறுக்கோடும் செக்கு எண்ணெயோடும் இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். முறுக்கு குறைந்திருந்தால் அவனைக் கேட்கவும்.

உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் அது மொட்டையாக இருக்கும். போனில் உங்களிடம் பாதியைத்தான் சொன்னேன். மீதியை வெட்கத்தில் விழுங்கிவிட்டேன்.

சென்னையில் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்கிற கம்பெனியில் பிரின்ஸி வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். கண்ணுக்கு வேலை கொடுக்காமல் காதால் கதை கேட்கிறவர்கள் நாட்டில் பெருகிவிட்டார்களாம், அவள் குரலுக்கு நல்ல பெயராம். உங்கள் அக்காளுக்கு முட்டி ஆபரேஷன் என்றதும் லீவு போட்டு வந்தவள், அக்காள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் ஊருக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். வீட்டிலிருந்தே படித்து அனுப்பலாம், கம்பெனிக்குச் சம்மதம், ஆனால் வெளிச்சத்தம் ஒரு பொட்டுக்கூட இல்லாமல் ஒரு முழு அத்தியாயத்தை ஆகஸ்டு முடிவதற்குள் அனுப்பிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் திரும்பச் சென்னைக்குப் போக வேண்டியதுதான் என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “நீங்க என்னப்பா சொல்றீங்க?” என்று கேட்டாள். நான், “உன் இஷ்டம்மா” என்றேன். சொல்லிவிட்டு மண்டிக்குப் போய், காலையில் எண்ணி வைத்த லோடை இன்னொரு முறை எண்ணினேன். மண்டியில் காய் எண்ணுகிற கோவிந்தராசு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

நம் வீட்டின் லட்சணம் உங்களுக்குத் தெரியாததல்ல. முன்னால் ரோடு, பின்னால் மண்டி. முன்னால் மினி பஸ்ஸின் ஹாரன், பின்னால் கோவிந்தராசுவும் ஆட்களும் மட்டை உரித்த காயைக் குவியலில் எறிகிற சத்தம். பிரின்ஸி ரோட்டோர அறையைத் தேர்ந்தெடுத்தாள், ஏனென்றால் மற்ற எல்லா அறையிலும் உங்கள் அக்காள் இருக்கிறாள். அந்த அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். தேக்கு ஜன்னல்தான், குறை சொல்ல முடியாது, மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூடாது, வெயில் காலத்தில் சுருங்கிக்கொண்டு தாழ்ப்பாள் எட்டாது. முதலில் உங்கள் அக்காளின் யோசனைப்படி, எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி நிறுத்தி ஜன்னலோடு சேர்த்துக் கட்டினோம். மின்விசிறியும் ஓடக்கூடாதாம், அதுவும் சத்தமாம். பிரின்ஸி உள்ளே வேர்த்து விறுவிறுத்து ஒரு ராஜா கதையைப் படித்தாள். ராஜா சபையில் எழுந்து நிற்கிறார். என் குடிமக்களுக்கு நான் கொடுக்கக்கூடியது என்று ஆரம்பித்துத் தொண்டை அடைத்துப்போய் நிறுத்துகிறார். அந்த இடத்தில் ரோட்டில் போன பழைய இரும்பு வண்டியின் ஸ்பீக்கர் ‘பேரீச்சம்பழம்’ என்றது. கம்பெனியிலிருந்து மரியாதையாகத்தான் பதில் எழுதியிருந்தார்கள். குரல் அருமையாக இருக்கிறது, ஆனால் மூலப் புத்தகத்தில் பேரீச்சம்பழம் இல்லை என்று.

அதற்குள் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். காவி உடுத்தி, மாதாவின் சொரூபம் வைத்த சின்னத் தேரைத் தள்ளிக்கொண்டு, ஸ்பீக்கர் கட்டிய வண்டி முன்னால் போக, கூட்டம் கூட்டமாக நம் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். அவர்களைப் போய் வாயை மூடச் சொல்ல முடியுமா, மாதாவைப் பாடுகிறவர்களை? வருஷா வருஷம் செய்கிற மாதிரி உங்கள் அக்காள் வாசலில் அண்டா வைத்து மோர் ஊற்றுகிறாள். ஊற்றும்போதே, என் மகள் இங்கேயே இருக்க வேண்டும் தாயே என்று வேண்டிக்கொள்கிறாள். மோர் குடித்தவர்கள் நன்றியுள்ளவர்கள், சும்மா போவார்களா? நம் குடும்பத்துக்காக ஜன்னலுக்கு நேராக நின்று ஒரு பாட்டு முழுசாகப் பாடிவிட்டுத்தான் போகிறார்கள். பிரின்ஸியைச் சென்னைக்குத் துரத்துகிற சத்தத்துக்கு நாங்களே மோர் ஊற்றித் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். கண்ணாடி வேலையில் இத்தனை வருஷம் இருக்கிற மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு மெத்தையைக் கட்டினோமே என்று அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில் கயிற்றில் தொங்குகிற ஆட்களை மேற்பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த வெயிலிலும் பொறுமையாகச் சொன்னீர்கள். ஒற்றைக் கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் போதாது. நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டின லேமினேட்டட் கண்ணாடி வேண்டும். அதிலும் இரண்டு அடுக்கு வேண்டும், ஒன்று தடிமன் ஒன்று மெல்லிசு, இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் ஒரே சத்தத்துக்குச் சேர்ந்து அதிரும். நடுவில் அரைச்சாண் இடைவெளி விட்டு, ஓரமெல்லாம் ரப்பரும் சிலிக்கானும் வைத்து அடைத்துவிட வேண்டும். இவ்வளவையும் சொல்லி, தஞ்சாவூரில் உங்கள் சிநேகிதர் ஃபாஜிலின் கடைக்குப் போகச் சொன்னீர்கள். நான் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். இந்த இடத்திலிருந்துதான் நான் விழுங்கிய பாதி தொடங்குகிறது.

மாப்பிள்ளை, நான் ஒரு பொருளையும் தட்டிப் பார்க்காமல் வாங்கியவன் அல்ல. காயைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், அது நல்ல முற்றல். தொப்பென்று கேட்டால் அழுகல், கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம். மண்டியில் எத்தனை லட்சம் காய் என் விரலைத் தாண்டிப் போயிருக்கிறது. பானை, பித்தளைக் குடம், உங்கள் அக்காளைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு வாசல் கதவு, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தவன் நான். ஃபாஜில் தம்பி டீ வரவழைத்துக் கொடுத்து உபசரித்துவிட்டு, நீங்கள் சொன்ன கண்ணாடியைக் கொண்டுவந்து நிறுத்தினார். விரலை மடக்கித் தட்டினேன். தொப். இன்னொரு மூலையில் தட்டினேன். தொப். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. மாப்பிள்ளையின் சிநேகிதர், முகத்தைப் பார்த்தால் நல்ல மனுஷர், அவர் கடையில் இப்படி ஒரு சரக்கு. கடைப் பையன்கள் காதில் விழாதபடி அவரிடம் மெதுவாக, இதை முன்னால் வைக்காதீர்கள் தம்பி, கடைப் பேர் கெட்டுப்போகும் என்று சொன்னேன். அவர் ஒரு கணம் திகைத்துப்போய், “ஐயா, சத்தத்த முழுங்குற கண்ணாடி இதுதான். தட்டினா இப்படித்தான் கேக்கணும்” என்றார். எனக்கு இது புதிதா? அழுகல் காயை நம் தலையில் கட்ட வருகிற ஒவ்வொருத்தரும் அதற்கு ஒரு நல்ல குணம் சொல்லத்தான் செய்வார்கள். மஸ்கட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமே என்றுகூட அவர் சொன்னார். மாப்பிள்ளைக்கு வேலை நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். பிறகு சுவரோரம் சாய்த்திருந்த ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டே போனேன். கடைசியில் கட்டைவிரல் தடிமனில் ஒன்று, சூட்டில் இறுக்கிக் கெட்டியாக்கின டஃபன் கண்ணாடியாம், தட்டினேன் பாருங்கள், கணீரென்று ஒரு ஓசை எழும்பிக் கடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்து அடங்கியது. உடம்பு சிலிர்த்துப்போயிற்று. இதுதான் நல்ல முற்றல், இதையே போடுங்கள் என்றேன்.

போட்டார்கள். ஒரே கண்ணாடி, ஒரே அடுக்கு, இரண்டு அடுக்கு எதற்கு, நல்ல சரக்குக்குத் துணை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வெளிச்சத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் லோடு லாரி போனால் கண்ணாடி கூடவே ரீங்காரம் போட்டது. பின்னால் காய் விழுந்தால் முன்னால் கண்ணாடி பதில் சொன்னது. அது போகட்டும், பிரின்ஸி உள்ளே குரலை உயர்த்தினால் அவளுக்கே பின்பாட்டுப் பாடியது. அந்தப் பதிவைக் கேட்டுவிட்டுக் கம்பெனியில் கேட்டிருந்தார்கள், ராஜா தனியாக இருக்கிற காட்சியில் அவர் பின்னால் நின்று முனகுகிறவர் யார் என்று. பிரின்ஸி, நல்லாத்தாம்ப்பா இருக்கு என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டினாள். துணிகளை வெயிலில் காயவைக்கத்தான் என்றாள். வெயில் மொட்டைமாடியில்தானே இருக்கிறது, பெட்டிக்குள்ளா இருக்கிறது? எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம்தான் மானத்தை விட்டு உங்களுக்கு இரண்டாவது போன். நான் தட்டிப் பார்த்து வாங்கிய கதையைச் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை, நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மச்சான், நீங்க வாங்கினது தேங்காய்க்கு நல்ல கண்ணாடி” என்றீர்கள். அந்தப் பக்குவம் யாருக்கு வரும்? வேறு ஒருவராக இருந்தால் நான் செத்துப் பத்து வருஷம் ஆன பிறகும் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பார். நீங்கள் அடுத்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “இனி நீங்க கடைக்குப் போக வேணாம் மச்சான். நான் ஃபாஜில்கிட்ட சொல்லிடுறேன். பிரின்ஸிக்கு நாந்தான மாமன், இது என் சீர்.” அவள் சின்னப் பிள்ளையாகக் கோயிலில் புதுநன்மை வாங்கியபோது வெள்ளைக் கவுன் எடுத்துக் கொடுத்த கை அது, இன்றைக்கும் மடங்கவில்லை. போனை வைத்துவிட்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மட்டைத் தூசி என்று கோவிந்தராசுவிடம் சொன்னேன்.

நீங்கள் சீர் என்ற வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நான் அதை அப்படியே உங்கள் அக்காளிடம் ஒப்பித்துவிட்டேன். தாய்மாமன் சீர் வருகிறது என்று தெருவுக்கே அவள் சொல்லிவிட்டாள், என்ன சீர் என்று சொல்லவில்லை. ஃபாஜில் தம்பியின் வண்டி வந்து நிற்கும்போது வாசலில் பதினெட்டுப் பட்டியும் கூடியிருந்தது. பக்கத்து வீட்டு ராஜாத்தி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, பெண்ணுக்கு முடிந்துவிட்டதாமே, பையன் எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். தஞ்சாவூரிலிருந்து இறங்குகிறது, பாருங்கள் என்றேன். இறங்கியது கண்ணாடி. ஆனாலும் உங்கள் அக்காள் தம்பியின் சீரை விட்டுக்கொடுப்பாளா? கண்ணாடி தாம்பாளத்தில் அடங்காது என்பதால் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதன்மேல் இரண்டு கண்ணாடியையும் படுக்கவைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, சுற்றிலும் வாழைப்பழமும் பூவும் நம் மண்டிக் காயும் தட்டு தட்டாக அடுக்கிவிட்டாள். காயை நான்தான் தட்டிப் பார்த்துப் பொறுக்கினேன், அதில் தப்பு நடக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருவராக வந்து கண்ணாடிக்குச் சந்தனம் பூசினார்கள். நடுவில் பூசினால் வெளிச்சம் மறைக்கும் என்று விவரமாக யோசித்து ஓரம் முழுக்கப் பூசினார்கள். ஃபாஜில் தம்பியும் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு என்று பொறுமையாக நின்றார்கள். அவர்களுக்கும் பந்தியில் சாப்பாடு போட்டோம். ராஜாத்தி மட்டும் கடைசிவரை கல்யாண மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே பழைய கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சீர்க் கண்ணாடியைப் பொருத்தினார்கள். சந்தனத்தைத் துடைக்கப்போன ஃபாஜில் தம்பியை உங்கள் அக்காள் தடுத்துவிட்டாள், சுமங்கலிகள் வைத்த சந்தனம், தானாகக் காய்ந்து உதிரட்டும் என்று. வெளியே தெரிந்ததை மட்டும் துடைத்துவிட்டு அவர் சிலிக்கானை வைத்தார். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், தாய்மாமன் சீர் ஒரு பக்கம் ஒட்டு விட்டு ரோட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் கோவிந்தராசுவும் ஆளுக்கொரு பக்கம் உள்ளங்கையை வைத்து அதைத் தாங்கிக்கொண்டு நின்றோம், ஃபாஜில் தம்பி தஞ்சாவூரிலிருந்து வந்து சேருகிறவரை. நடைப்பயணம் போகிறவர்கள் அதைப் பார்த்து ஏதோ வேண்டுதல் என்று நினைத்து எங்களுக்கு முன்னால் முழந்தாளிட்டு ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிட்டுப் போனார்கள். வந்த ஃபாஜில் தம்பி கண்ணாடி ஓரத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை கடிந்து பேசாமல், ஏதோ ஒரு திரவத்தால் ஓரமெல்லாம் துடைத்து எடுத்து மறுபடி பொருத்தினார். சந்தனத்துக்காக உங்கள் அக்காள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அவர், எங்கள் கடை சரக்குக்கு இதுவரை யாரும் பூ வைத்ததில்லை அம்மா, சந்தோஷம்தான் என்றார். அப்படி ஒரு மனுஷரை எங்களுக்குக் காட்டிக் கொடுத்ததற்கும் உங்களுக்கு நன்றி. அவரிடம் அழுகல் என்று சொன்ன வாயை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இனி கண்ணாடியின் மகிமையைச் சொல்கிறேன். சிலிக்கான் காய்ந்ததும் உங்கள் அக்காள் என்னை உள்ளே போகச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே நின்று சோதனை செய்தாள். கையை ஆட்டி ஆட்டி வெகு நேரம் பேசினாள். முகத்தைப் பார்த்தால் மெத்தையிலிருந்து தொடங்கி டஃபன் கண்ணாடி வழியாகச் சந்தனம் வரைக்கும் வந்த மாதிரி இருந்தது. எனக்கு ஒரு எழுத்து கேட்கவில்லை. வெளியே வந்து என்ன சொன்னாய் என்று கேட்டேன், மாதாவுக்கு நன்றி சொன்னேன் என்றாள். மாதாவை நோக்கி அப்படி விரல் நீட்டுவார்களா என்று நான் கேட்கவில்லை. அதன்பின் ஒரு பெரிய கூட்டம், ட்ரம் செட்டோடு, மோர் குடித்துவிட்டு நேராக நின்று பாடியது. அறைக்குள் நின்று பார்த்தேன். வாய் எல்லாம் திறக்கிறது, கை தட்டுகிறார்கள், ட்ரம் அடிக்கிறவரின் கழுத்து நரம்பு புடைக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. இனி அவர்களும் வாயாரப் பாடலாம், அவளும் நிம்மதியாகப் படிக்கலாம். அக்காளின் மோருக்கும் பிரின்ஸியின் வேலைக்கும் நடுவில் சமாதானம் பண்ணிவைத்தது உங்கள் கண்ணாடி.

இவ்வளவு எழுதியவன் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். உங்களிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் அக்காளிடம்கூட. மெத்தை கட்டியிருந்த நாட்களில் நான் வாசல் பக்கம் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து அவள் படிப்பதைக் கேட்பேன். ராஜாவாகவும் படிப்பாள், திருடனாகவும் படிப்பாள், புருஷனோடு சண்டை போடுகிறவளாகப் படித்தால் எனக்கே பயமாக இருக்கும். சின்ன வயதில் கோயிலில் வாசகம் படிக்க ஏறி மைக் எட்டாமல் எட்டி எட்டிப் படித்த பெண்ணா இது என்று இருக்கும். கண்ணாடி வந்த பிறகு அவள் வாய் அசைவது மட்டும்தான் தெரிகிறது. அதையும் நான் எட்டிப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வந்து பதிவு கெடுகிறது என்று, ஜன்னல் பக்கம் போகவும் தடை. பரவாயில்லை. அவள் சென்னையில் இருந்தபோது போனில் குரல் வரும், ஆள் இருக்காது. இப்போது ஆள் இருக்கிறாள், குரல் வரவில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எனக்கு ஆள் போதும்.

அவள் போகக்கூடாது மாப்பிள்ளை. அவள் கேட்ட அன்று உன் இஷ்டம் என்று சொன்னேனே, அது என் வாயில் ஊறிப்போன பாடம். மண்டியில் ஒரு லோடு மனசுக்குப் பிடித்தால் அதை முகத்தில் காட்டக்கூடாது, காட்டினால் காரியம் கெட்டுவிடும், வேண்டுமானால் கொடு வேண்டாவிட்டால் எடுத்துக்கொண்டு போ என்று எங்கேயோ பார்க்க வேண்டும். அப்படியே பழகிவிட்டேன். அவள் கேட்டபோது நெஞ்சு முழுக்க இரும்மா என்றுதான் இருந்தது. ஆனால் அவள் நன்றாகப் படிக்கிற பெண், அவளுக்கென்று ஒரு வேலை, நாலு பேர் மதிப்பு. அப்பன் கேட்டான் என்பதற்காக அதை விட்டுவிட்டு இருந்தால் பிற்காலத்தில் என்மேல் அவளுக்கு மனக்குறை வந்துவிடுமோ என்று பயம். அதனால் அவளிடம் கேட்க மாட்டேன். கேட்காமலே அவள் இருப்பதற்கு ஒரு வழியை உங்கள் கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறது. இதற்கு நான் எப்படி நன்றி சொல்ல? இப்போது உள்ளே அவள் பதிவு செய்வது மட்டும் சுத்தமாக வந்துவிட்டால் போதும்.

மாதா உங்கள் குடும்பத்தையும், உங்கள் ஆட்கள் தொங்குகிற கயிறுகளையும், அந்தக் கயிறுகளின் முடிச்சுகளையும் பத்திரமாகக் காப்பாளாக. கொடியேற்றத்துக்கு வேளாங்கண்ணி போகும்போது உங்கள் பேருக்கும் ஃபாஜில் தம்பி பேருக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றுவோம். தங்கை சான்ட்ராவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வந்து உங்கள் சீரை நீங்களே ஒரு முறை தட்டிப் பாருங்கள். நல்ல தொப்.

என்றும் உங்கள் அன்பை மறவாத மச்சான்,
மிக்கேல்ராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் அறைக் கதவு திறந்தது. பிரின்ஸி ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். பதிவு முடிந்ததா என்று கையால் கேட்டேன். “வாயாலயே பேசுங்கப்பா, இவ்வளவு நேரம் பேசிட்டுத்தான இருந்தீங்க” என்றாள். மண்டியில் எழுதுகிறவன் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும், எதிரில் காய் எண்ணுகிறவன் சரிபார்ப்பதற்காக. அந்தப் பழக்கத்தில், எனக்கே தெரியாமல், இந்தக் கடிதம் முழுவதையும் உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதியிருக்கிறேன். உங்கள் அக்காள் வாசலில் மோர் ஊற்றப் போய்விட்டதால் தடுக்க ஆளில்லை. ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடி போட்ட நாங்கள் யாரும் அறைக் கதவைப் பார்க்கவில்லை. அதன் அடியில் எலி தாராளமாகப் போய்வருகிற அளவுக்குச் சந்து இருக்கிறது, நான் நாற்காலி போட்டிருந்தது அதற்கு நேர் எதிரே. பாசத்துக்குரிய மாப்பிள்ளையிலிருந்து நல்ல தொப் வரைக்கும் எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆகையால் சத்தம் வராது என்று நான் மேலே எழுதிய இடங்களை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.

மன்னிச்சிடும்மா, உன் வேலையைக் கெடுத்துட்டேன் என்றேன். “ஆரம்பத்துலயே வந்து நிறுத்தச் சொல்லலாம்னுதாம்ப்பா எந்திரிச்சேன். அப்புறம் மனசு வரல, படிக்கிறத நிறுத்திட்டுக் கேட்டுட்டு உக்காந்துட்டேன்” என்றாள். பிறகு, “தஞ்சாவூர்ல வாடகைக்கு ஸ்டூடியோ இருக்குப்பா. காலைல பஸ் ஏறினா படிச்சிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம், கம்பெனியும் அப்பவே அதுக்கு சரின்னுடுச்சு. நீங்க இருன்னு ஒரு வார்த்தை சொன்னா அப்படி இருந்துடலாம்னுதான் அன்னிக்குக் கேட்டேன். இந்தக் கண்ணாடி எதுவுமே வேண்டியிருந்திருக்காது” என்றாள்.

நான், “இரும்மா” என்றேன். சரிப்பா என்று சொல்லிவிட்டு, அத்தியாயத்தை முதலிலிருந்து படிக்க உள்ளே போயிருக்கிறாள். சந்து வழியாக எனக்கு நன்றாகக் கேட்கிறது. கதவுக்கு என்ன போட வேண்டும் என்று எழுதுங்கள் மாப்பிள்ளை. அவசரமில்லை.